ஏழாவது ஊசி

வெள்ளிச் சந்தையில் அந்த ஜாய்ஸ்டிக்
ஒற்றைச் செருப்புகளுக்கும்
ரிமோட்டுகள் நிறைந்த வாளிக்கும் நடுவே கிடந்தது.
ஒன்றரை தினார் என்றான் வங்காளி.
முக்கால் கொடுத்தேன்.
வேலை செய்யுமா என்றதற்கு
வானத்தைக் காட்டினான்.

கணினி முன்பே வந்துவிட்டது.
சால்மியாவில் இடிக்கப்போகும் கட்டடம்,
லிஃப்டைக் கழற்றப் போன நாளில்
மோட்டார் அறைக் கிரீஸ் டின்கள் மேல்
உட்கார்ந்திருந்தது, யாரோ மாடிக்கு வரச்சொல்லி
மறந்துபோன விருந்தாளியைப் போல.
ஒவ்வொரு விசையிலும் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் அரபி.
எடுத்துக்கொள் என்றார் ஹாரிஸ்,
இறக்க வேண்டிய பாரம் ஒன்று குறைந்த முகத்தோடு.

ஃபர்வானியாவில் ஆறு பேருக்கு ஓர் அறை,
ஒரு டிவி.
டிவி தனிக்கொடியுடையது;
பதினொன்றுக்கு மேல்தான் எனக்கு.

பேர் கிழிந்த கார்ட்ரிஜைச் செருகினேன்.
ஒரு கப்பல், மேலிருந்து விழும் கற்கள்.
மேலே போகிறது.
கீழே போகிறது.
வலம் போகிறது.
"இடம் இல்லை" என்றேன் சத்தமாக.
அந்த அறையில் அப்படிச் சொன்னால்
யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

நாலு திருகில் ஒன்று ஏற்கெனவே காணோம்.
திறந்ததும் மணல் கொட்டியது,
ஒரு தேக்கரண்டி இருக்கும்.
எந்த வருடத்துப் புழுதிக்காற்றோ.
இடதுபக்கச் செம்புத் தகடு மட்டும்
பச்சை பிடித்து, வளைந்து,
மற்ற மூன்றும் ஏறக்குறையப் புதிது.
அடிப்பாகத்தில் ஆணியால் கீறிய பெயர்.
லிஃப்ட் பலகைகளைத் தாண்டி எனக்கு அரபி தெரியாது.
நூர்தீன் வாசித்தார்: "ஃபஹத்.
இல்லை, ஃபஹ்மி. கடைசி எழுத்து தேய்ந்துபோச்சு."
எவனாக இருந்தாலும்
இத்தனை ஆயிரம் முறை இடதுபக்கமே
எதற்கு ஒதுங்கினான்?

கழுவ ஸ்பிரிட் வேண்டும்.
அந்தச் சொல்லையே இந்த ஊரில்
மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.
இன்சுலின் போடுமுன் தொப்புள் ஓரம் துடைக்கும்
ஈரத் துணுக்கு இரண்டு தந்தார் நூர்தீன்.
கறுப்பாக வந்தது, பிறகு பழுப்பாக,
பிறகு ஒன்றும் வரவில்லை.
தகட்டை நகத்தால் நிமிர்த்தினேன்.
கப்பல் இடம் போனது.

அதோடு படுத்திருக்கலாம்.
ஆனால் தலையில் ஒரு சிவப்புச் சுவிட்ச்:
தள்ளினால் தானாகச் சுட வேண்டும்.
தள்ளினேன். சுடவில்லை.
லிஃப்ட் கதவுக்கு வைத்திருக்கும் மீட்டரை எடுத்தேன்.
இந்தக் குச்சி
ஏழாவது ஊசியில் மின்சாரம் எதிர்பார்க்கிறது.
இந்தப் பெட்டி
ஐந்தாவது ஊசியில் கொடுத்துக்கொண்டிருக்கிறது.
இகாமா புதுப்பிக்க ஏழாம் ஜன்னலில்
இரண்டரை மணி நேரம் நின்று
"ஐந்துக்குப் போ" என்று கேட்டுக்கொண்டவன் நான்.
எனக்கா புரியாது.

வார்த்த பிளக், உள்ளே கை போகாது.
வெட்டினேன்.
பழைய லிஃப்ட் பேனலில் உருவிய
ஒன்பது ஊசிப் பிளக் ஒன்று பெட்டியடியில் இருந்தது.
ஈயப் புகை மேல்கட்டில் வரை ஏறியது.
"சாவடிக்கிறியா" என்றான் தனிக்கொடி,
போர்வைக்குள்ளிருந்து, கண் திறக்காமல்.
வெள்ளைக் கம்பி ஏழிலிருந்து ஐந்துக்கு.
அவ்வளவுதான், அரை அங்குலம்கூட இல்லை.

மூன்று ஐம்பதுக்குச் சுட்டது.
தடதடவென்று, பொத்தானில் விரலே படாமல்,
குண்டுகள் நூல் கோர்த்ததுபோல் மேலேறின.
நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.
பார்க்க யாரும் விழித்திருக்கவில்லை.

நாலரைக்குக் கம்பெனி பஸ் ஹார்ன்.
மங்காஃப் போய், குழிக்குள் இறங்கி,
கயிற்றில் கை வைத்தபோது நினைவு வந்தது:
சுவிட்சைத் தள்ளியபடியே விட்டிருக்கிறேன்.
கப்பல் செத்தால் என்ன,
அந்தப் பொத்தானே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடும்.
மறுபடி சாகும். மறுபடி தொடங்கும்.

ஆறரைக்குத் தனிக்கொடி போன் செய்தான்.
என் கையால் மூவாயிரம் தாண்டியதில்லை.
"பன்னிரண்டாயிரத்து நானூறு வந்திருக்குடா," என்றான்,
குரலைத் தாழ்த்தி,
"அணைக்கட்டுமா?"